அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறார்

நம் திருச்சபை ஆட்கள் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து, பிள்ளைகளின் படங்களை முகநூலில் போட்ட அந்த அல்பத்தை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதன் கீழே நான் போட்ட கொமன்ட், அது அரை மணித்தியாலத்தில் காணாமல் போனது, அதற்குப் பிறகு நடந்த கூத்து, எல்லாம் தெரியும். அதனால் முதலில் இருந்து தொடங்கவில்லை. எந்தச் சபை, மட்டக்களப்புப் படுவான்கரையில் எந்த இல்லம் என்று எழுதவும் மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இன்பொக்ஸில் வந்து கேட்க வேண்டாம்.

நான் கேட்டது இவ்வளவுதான். பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களை எடுத்துவிடுங்கள். 'அநாதைச் சிறார்களோடு ஒரு நாள்' என்ற தலைப்பை மாற்றுங்கள், அவர்கள் அநாதைகள் இல்லை. 'தயவுசெய்து' என்றுகூடப் போட்டிருந்தேன்.

கிடைத்த பதில்: எனக்குப் பொறாமை. சபையின் பெயரைக் கெடுக்கிறேன். அப்புறம் ஒரு அண்ணன், ஞாயிறு தவறாமல் என் கையைப் பிடித்து 'தோத்திரம் தம்பி' சொல்கிறவர், எழுதினார்: "ஹோம்ல திண்டு வளந்தவன்ட வாயப் பாருங்க." அதற்கு 31 பேர் சிரித்திருந்தார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த நாட்டில் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ, சில வேளை இரண்டு பேருமே, உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, அம்மா வெளிநாட்டில், அப்பா வேறு குடும்பம், குடி, நீதிமன்றக் கட்டளை, பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆளுக்கொரு காரணம். இது ஒன்றும் இரகசியமில்லை. இல்லங்களைப் பார்க்கிற எந்த நன்னடத்தை உத்தியோகத்தரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் நமக்கு அநாதை என்ற சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் கண்ணீர் வராது, கண்ணீர் வராவிட்டால் லைக் வராது.

செவ்வாய்க்கிழமை இரவு குவைத்திலிருந்து ஒருவர் இமோவில் என் அம்மாவைக் கூப்பிட்டார். ஊர்ப் பழக்கம். அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறார். யாரோ பகிர்ந்து, யாரோ அனுப்பி, அந்தப் படம் அவருடைய போனுக்கே போய்விட்டது. மகள் இரண்டு கையையும் நீட்டிச் சாப்பாட்டுப் பார்சல் வாங்குகிறாள். கொடுக்கிறவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். மேலே அந்தத் தலைப்பு. "நான் உசிரோட இருக்கக்குள்ள என்ட புள்ள எப்பிடிக்கா அநாத?" என்று கேட்டார். அம்மாவிடம் பதில் இருக்கவில்லை, போனை என்னிடம் தந்தார். என்னிடமும் இருக்கவில்லை.

அவர் ஏன் போனார், பிள்ளை ஏன் இல்லத்துக்கு வந்தது என்பதெல்லாம் அவர்களின் விஷயம். எழுத மாட்டேன். என்னுடையதை எழுதலாம், அது என்னுடையது.

அப்பா 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் கடலோடு போய்விட்டார். 2007இல் அம்மா குவைத்துக்குப் போனார், நான் ஹோமுக்கு, அதாவது ஒரு சிறுவர் இல்லத்துக்கு, போனேன். எனக்குப் பத்து வயது. ஹோமில் சனிக்கிழமை என்றால் 'ஆக்கள் வருவாங்க'. பிறந்தநாள், செத்தவரின் 31ஆம் நாள், ஆண்டு நினைவு, பரீட்சை பாஸ். சைவமோ வேதமோ, கொழும்போ வெளிநாடோ, வருகிறவர்கள் வருவார்கள். எத்தனை பேருக்கு ஹேப்பி பேர்த்டே பாடியிருப்பேன் என்று கணக்கில்லை. பெயர் மறந்துவிட்டால் அந்த இடத்தில் 'அக்கா' என்று போட்டுவிடுவோம், மெட்டுக்குச் சரியாக வரும். மார்கழியில் ஒரே நாளில் இரண்டு புரியாணிப் பார்சல். மாசியில் பருப்பும் சொதியும். மாசியில் யாரும் பிறப்பதுமில்லை, சாவதுமில்லை போல.

2009இல் அம்மா முதல் லீவில் வந்தார். கட்டுநாயக்காவில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், இரவு பஸ் பிடித்துப் பெட்டியோடு நேராக ஹோமுக்கு. அன்றைக்கும் சனிக்கிழமை. கொழும்பிலிருந்து ஒரு சபை வாலிபர்கள் வந்திருந்தார்கள். புரோகிராம் நடக்கும்போது வேறு ஆட்களை உள்ளே விடுவதில்லை. அம்மாவை வெளியே வாங்கில் இருக்கச் சொன்னார்கள். ஒன்றே முக்கால் மணித்தியாலம். உள்ளே நான் மட்டையில் வெட்டிய கிரீடத்தோடு அக்ஷன் சோங் ஆடிக்கொண்டிருந்தேன். வாங்கில் இருக்க முடியாமல் எழும்பி வந்து ஜன்னல் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாராம். எனக்கு அப்போது தெரியாது. பல வருஷத்துக்குப் பிறகு, மீன் வெட்டிக்கொண்டு வேறு ஏதோ கதைக்கும்போது சொன்னார். "நல்லா ஆடின நீ மனே" என்றார்.

அந்தக் கொழும்புப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஒருவர் எனக்குக் கிற்றாரில் இரண்டு கோர்ட் காட்டித் தந்தார். அவர்கள் யாருக்கும் வெளியே ஒரு தாய் நிற்பது தெரியாது. அவர்களுக்குச் சொல்லியிருந்தது நாங்கள் அநாதைகள் என்று.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

பைபிளில் யாக்கோபு 1:27ஐ மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி, எனக்கும் பாடம்தான், ஹோமில் மனப்பாடம் செய்தால் டொபி தருவார்கள். திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை 'விசாரிக்கிறது' என்றுதான் அதில் இருக்கிறது. ஒருவரை விசாரிப்பதென்றால் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா? போன கிழமை காய்ச்சல் என்றாயே, இப்போது எப்படி என்று கேட்பதுதானே விசாரிப்பு? நீங்கள் போய் வந்து ஐந்து நாள். அந்தப் பார்சலை வாங்கிய பிள்ளையின் பெயர் என்ன? சொல்லுங்கள், நான் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

'படம் போட்டால்தான் மற்றவர்களுக்கும் உதவும் மனம் வரும்.' அரிசி மூட்டையைப் படம் எடுங்கள். கட்டிக் கொடுத்த மலசலகூடத்தைப் படம் எடுங்கள். உங்கள் முகத்தை எடுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது சோறு கொடுத்து, அதைப் படமெடுத்து, 'ஏழைச் சிறுமி' என்று போட்டால் அன்றைக்கே அதிபரின் கதவைத் தட்டமாட்டீர்களா? இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. ஹோம் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று ஒரு வரியும் அதில் இல்லை.

'இல்லத்தில் அனுமதி கேட்டோம்.' கேட்டிருப்பீர்கள். பொறுப்பாக இருக்கிற அன்ரி, அரிசி கொண்டுவந்த ஆட்களிடம் எப்படி வேண்டாம் என்பார்? இல்லங்களைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம். அங்கே கேட்டீர்களா? பிள்ளையைக் கேட்டீர்களா? குவைத்தில் கேட்டீர்களா?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித் தந்த கதை' என்கிறவருக்கு: ஆம், அநாதை இல்லங்களுக்குத் தொண்டர்கள் வந்து போவதால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கச் சொல்லி 2019இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. அதற்குப் பத்து வருஷம் முன்பே என் அம்மா ஜன்னலில் நின்றார்.

'பிள்ளைகள் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்.' இருந்திருப்பார்கள். நாங்களும் இருந்தோம். ஐஸ்கிரீம் வானைக் கண்டால் கேட் வரைக்கும் ஓடுவோம். அதை மறுத்தால் நான் பொய்யன். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அடுத்ததுக்குப் போகிறேன்.

'நீ என்ன கிழித்தாய்?' சொல்லக் கூடாது என்று இருந்தேன். வியாழக்கிழமைகளில் ஒரு இல்லத்துக்குப் போய் ஒன்பதாம் ஆண்டுக்காரருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். படம் இல்லை. இதோ, நானும் என் தர்மத்தை முகநூலில் போட்டுவிட்டேன். திருப்தியா?

இன்னொன்றும் இருக்கிறது, அதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். போன வருஷம் இதே மாதிரி ஒரு இல்லத்துக்கு, வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் போன சபை வானில் நானும் இருந்தேன். கணக்குக் கொப்பி இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. 'அன்பின் பயணம்' என்று அச்சடித்த டீசேர்ட், 28 பேருக்கு, ஒன்று 1,400 படி 39,200 ரூபாய். பிள்ளைகளின் பகல் சாப்பாடு, 46 பேருக்கு, 29,900 ரூபாய். இரண்டுக்கும் கையெழுத்து என்னுடையது. அன்றைக்கு அந்த டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று பார்சல் கொடுத்தேன். நான் இந்த வரிசையின் அந்தப் பக்கம் நின்றவன் என்று வானில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று இன்றைக்கு வரை விளங்கவில்லை. அந்த 39,200ஐ இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருந்தால் இரண்டு பிள்ளைகள் கொஞ்ச நாளாவது வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போயிருக்குமே என்று கூட்டத்தில் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த டீசேர்ட் இப்போது மோட்டார் சைக்கிள் துடைக்க உதவுகிறது.

இனி அண்ணனுக்கு. ஆம் அண்ணன், ஹோமில் தின்றுதான் வளர்ந்தேன். ஆறு வருஷம். உங்கள் வீட்டாரும் வருஷா வருஷம் உங்கள் அப்பப்பாவின் நினைவு நாளுக்கு ஏதோ ஒரு ஹோமில் சாப்பாடு கொடுக்கிறவர்கள்தானே. அது எங்கள் ஹோமாகவும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அவர் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி, அவருடைய ஆத்துமாவுக்காக நான் ஜெபித்திருக்கிறேன். முகமே தெரியாத மனிதருக்கு. அதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அல்பம் இன்னும் அப்படியே கிடக்கிறது. எல்லாவற்றையும் எடுக்க மனமில்லையா, பரவாயில்லை, 17ஆவது படத்தை மட்டும் முதலில் எடுங்கள். இங்கே இப்போது இரவு ஒரு மணி. குவைத்தில் பத்தரை. சட்டி பானை கழுவி முடித்துப் போனைக் கையில் எடுக்கிற நேரம் அதுதான் என்று அம்மா சொல்வார்.