எங்க அம்மா முகம் என்ன உங்க ஸ்டேட்டஸுக்கா?

பத்து நாளா அடக்கி வச்சிருந்தேன். இனிமே முடியாது. சொந்தக்காரங்க யாராவது இதைப் படிச்சு சுருக்குன்னு பட்டா, படட்டும்.

எங்க அம்மா 31 வருஷம் தமிழ் டீச்சர். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுல நடந்தா ரெண்டு பேராவது வண்டியை நிறுத்தி "டீச்சர், என்னைத் தெரியுதா?"ன்னு கேப்பாங்க. ரிட்டையர் ஆகி 14 வருஷம் ஆச்சு. இன்னைக்கும் கஞ்சி போட்ட காட்டன் புடவை, இழுத்து முடிஞ்ச கொண்டை. பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போறதுன்னாலும் பல்செட் இல்லாம போக மாட்டாங்க. ராத்திரி அதைக் கழட்டி டம்ளர் தண்ணியில போடறதைக் கதவைச் சாத்திட்டுத்தான் செய்வாங்க. ஒரே வீட்டுல 17 வருஷமா இருக்கிற என் வீட்டுக்காரர் அவங்களைப் பல்லில்லாம ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல.

போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சுடுச்சு. பாண்டிக்குக் கொண்டு போனோம். அரியாங்குப்பம் பக்கத்துல ஆம்புலன்ஸ் நகர முடியாம நின்ன நேரம், உள்ள அம்மா வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்த நேரம், அதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா இது வேற எங்கியோ போயிடும். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

மூணாவது நாள் மதியம் சித்தி பையன் பார்க்க வந்தான். அவனை உக்கார வச்சிட்டு நான் கீழ மருந்து வாங்கப் போனேன். பத்து நிமிஷம். திரும்பி வந்தப்ப ஆரஞ்சுப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் மேசை மேல இருந்துச்சு. "பெரிம்மா நல்லாத் தூங்கறாங்கக்கா, நான் கிளம்பறேன்"னு போயிட்டான்.

நாலு மணிக்கு எனக்கு முதல் போன். நெய்வேலியிலிருந்து அம்மாகிட்ட படிச்ச பொண்ணு. அழுகையில வார்த்தையே வரல அவளுக்கு. கடைசியில கேட்டா: "அக்கா, டீச்சரை எப்ப எடுக்கறாங்க?"

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அம்மா கண் முன்னாடி மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருக்காங்க, இவ எப்ப எடுக்கறாங்கன்னு கேக்கறா. "என்னடி சொல்ற"ன்னு அதட்டினதும்தான் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினா.

பச்சை கவுன். நாடா அவிழ்ந்து ஒரு தோள்பட்டை வெளிய தெரியுது. தலைமுடி விரிஞ்சு தலையணை மேல கிடக்குது. பல்செட் இல்லாத வாய் உள்ள ஒட்டிப்போய்ப் பாதி திறந்திருக்கு. கட்டிலுக்குப் பக்கத்துல மூத்திரப் பை தொங்குது, அது எதுவரைக்கும் நிறைஞ்சிருக்குன்னு கூடத் தெரியுது. தலைமாட்டுல அட்டை: பேரு, வயசு, வார்டு, பெட் நம்பர். ஒவ்வொரு எழுத்தும் படிக்கலாம். கீழ அவன் எழுதியிருந்தான்: "என் பெரியம்மா உயிருக்குப் போராடுகிறார். அனைவரும் பிரார்த்தனை செய்யுங்கள். விவரம் அறிய மகனைத் தொடர்பு கொள்ளவும்." அதுக்குக் கீழ சிங்கப்பூர்ல இருக்கிற என் தம்பியோட நம்பர்.

உயிருக்கெல்லாம் போராடலை. வலி மருந்து போட்டுத் தூங்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்.

243 பேர் இருக்கிற குடும்ப குரூப்ல போட்டிருக்கான். ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான். பேஸ்புக்ல யார் வேணா பார்க்கற மாதிரி போட்டிருக்கான். குரூப்ல யாரோ ரெண்டு கும்பிடற கை போட, அதைப் பார்த்து இன்னொருத்தர் "ஆழ்ந்த இரங்கல்"னு போட, அதுக்கப்புறம் வந்தவங்க மேல என்ன எழுதியிருக்குன்னு கூடப் படிக்காம வரிசையா "ஆன்மா சாந்தியடையட்டும்". ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், எனக்கு போன் போட்டு "அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேக்கல. நெய்வேலிப் பொண்ணு ஒருத்திதான் கேட்டா, அவளும் எடுக்கற நேரத்தை.

அன்னைக்கு ராத்திரியே தம்பிக்கு போன் வந்துச்சு. "ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸ்லேருந்து பேசறோம் சார். உங்க அம்மாவுக்கு ஒரு ஊசி வெளியிலேருந்து வரவழைக்கணும். 38,000 ரூபாய். அரை மணி நேரம்தான் இருக்கு, இந்த அக்கவுண்ட்டுக்குப் போட்டுடுங்க." பேரு சரியாச் சொன்னான். வயசு சரியாச் சொன்னான். வார்டு, பெட் நம்பர் வரைக்கும் சரி. அவ்வளவு தூரத்துல உக்காந்திருக்கிற பிள்ளை இதுல எதைச் சந்தேகப்படுவான்? பணத்தைத் தட்டி விடறதுக்கு முன்னாடி எதுக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு எனக்கு அடிச்சான். "அக்கா, அம்மாவுக்கு என்னக்கா ஆச்சு, மறைக்காம சொல்லு"ன்னு அவன் கேட்ட குரல் இன்னும் காதுல இருக்கு. பணம் தப்பிச்சுது. உங்க வீட்டுல யாருக்காவது இப்படிப் போயிட்டா, யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க, அந்த நிமிஷமே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. நேரம் போகப் போக அந்தப் பணத்தைப் பிடிச்சு நிறுத்தறது கஷ்டம்.

சித்தி பையனுக்கு போன் போட்டேன். அவன் சொன்னது: "அன்புலதானேக்கா போட்டேன். நாலு பேர் வேண்டிக்கிட்டா நல்லதுதானே?"

இந்த ஒரு பதிலைத்தான் என்னால தாங்க முடியல. அன்பு இருந்தா கால் பிடிச்சு விட்டிருக்கலாம். என்னை வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கக்கான்னு அனுப்பிட்டு ஒரு ராத்திரி கூட இருந்திருக்கலாம். வேண்டிக்கணும்னா ஊர்ல பாடலீஸ்வரர் கோயில் அஞ்சு நிமிஷ நடை, போய் ஒரு விளக்கு ஏத்தியிருக்கலாம். இதுல எதுக்குய்யா போட்டோ? சரி, எடுத்ததுதான் எடுத்த. தூங்கறவங்க எழுந்ததும் "பெரிம்மா, போடட்டுமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

டெலிட் பண்ணிட்டானாம். அவன் போன்ல அழிச்சான். அதை சேவ் பண்ணி அம்மாவோட பழைய மாணவர் குரூப்புக்கு யாரோ அனுப்பினாங்களே, அதை எப்படி அழிப்பான்? ஸ்டேட்டஸை யாரு பார்க்கறாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கோமா? நம்ம போன்ல யார் யார் நம்பர் இருக்கு? கேஸ் சிலிண்டர் போடறவர், ரெண்டு வருஷம் முன்னாடி வீடு காட்டின புரோக்கர், பிளம்பர், பழைய கம்பெனி மேனேஜர். அவங்களும் நம்ம நம்பரை வச்சிருந்தா அவங்க எல்லாருக்கும் நம்ம ஸ்டேட்டஸ் போகுது. பெத்தவங்க ஆஸ்பத்திரியில, வீடு பூட்டிக் கிடக்குன்னு நாமளே அவங்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல இது. 2025 ஜூலை 8, செம்மங்குப்பம் ரயில்வே கேட்ல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்களை இழந்தோம். கடலூரே அன்னைக்கு அழுதுச்சு. ஆனா அன்னைக்குக் காலையில என் போனுக்கு வந்த படங்கள் இருக்கே, அதை அனுப்பினவங்களை நான் இன்னைக்கும் மன்னிக்கல. பெத்தவங்க அந்த இடத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள பிள்ளையோட படம் வந்துடணுமா அவங்க போனுக்கு? அனுப்பினவங்க யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாரும் பதறிப் போய்த்தான் அனுப்பினாங்க. பதட்டத்துல கைக்கு ஒரு வேலை வேணும்னு ஃபார்வர்டு அமுக்கிடறோம். அந்த ஒரு நொடி கையைக் கட்டிக்கிட்டு இருக்க ஏன் முடியல நமக்கு?

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்துல தலை முழுகிட்டு ஈரப் புடவையோட கரையேறுற பொம்பளைங்களை வீடியோ எடுத்துப் பாட்டு சேர்த்துப் போடறான். தெருமுனையில பன்னெண்டு வயசுப் பொண்ணோட படத்தைப் பத்தடி பிளக்ஸ்ல போட்டு மஞ்சள் நீராட்டு விழான்னு அடிக்கறாங்க, அது அப்படியே எல்லார் ஸ்டேட்டஸுக்கும் ஏறுது. அந்தப் பொண்ணு மறுநாள் கிளாஸுக்குப் போகணுமேன்னு யாருக்கும் உறைக்கல. ஜூன் மாசம் ஸ்கூல் திறந்தா யூனிபார்ம், ஐடி கார்டு, வேன் நம்பர் எல்லாம் தெரியறாப்ல பிள்ளையை நிறுத்திப் படம். அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எங்க நிக்கும்ங்கறதை எவனுக்குச் சொல்றீங்க?

குரூப் விஷயம் இன்னொரு கொடுமை. கேக்காம கொள்ளாம சேர்த்து விடறாங்க. ஒரு குரூப்ல 1024 பேர் வரைக்கும் இருக்கலாம், அத்தனை பேருக்கும் நம்ம நம்பர் தெரியும். மனை விக்கற குரூப் ஒண்ணுல யாரோ என்னைச் சேர்த்த அன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத நாலு பேர்கிட்டேருந்து "ஹாய் மேடம்". வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள குரூப்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதுல உங்களை யார் சேர்க்கலாம்ங்கறதை 'எவ்ரிஒன்'லேருந்து 'மை கான்டாக்ட்ஸ்'க்கு மாத்துங்க. இதைப் படிச்சதும் மாத்திடுங்க, அப்புறம்னு விட்டா மறந்துடும்.

அம்மாவோட காப்பீட்டு அட்டை நகல் எடுக்க மஞ்சக்குப்பத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "வாட்ஸ்அப்ல அனுப்புங்க மேடம்"னாங்க. அனுப்பினேன். கம்ப்யூட்டர் திரை எங்க பக்கமாத் திரும்பி இருந்துச்சு. எனக்கு முன்னாடி அனுப்பினவங்க ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஏதோ ஒரு பொண்ணோட பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாண ஜாதகம், எல்லாம் வரிசையா முழிச்சிக்கிட்டு இருக்கு. எத்தனை மாசத்துச் சேர்மானமோ. "வேலை முடிஞ்சதும் அழிச்சிட மாட்டீங்களா?"ன்னு கேட்டேன். "யாரு மேடம் எடுத்துட்டுப் போகப் போறா?"ன்னார். நான் நின்னு, என்னுதை அழிச்சதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன். பின்னாடி நின்னவங்க முணுமுணுத்தாங்க. முணுமுணுக்கட்டும். ஆதார்ல முதல் எட்டு எண்ணை மறைச்சுக் கடைசி நாலு மட்டும் தெரியற 'மாஸ்க்டு' ஆதார், ஆதார் வெப்சைட்லயே இலவசமா எடுக்கலாம். நிறைய இடத்துக்கு அதுவே போதும். முழுசா வேணும்னு கேக்கறவங்ககிட்ட எதுக்குன்னு திருப்பிக் கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

உரிமைன்னதும் சொல்றேன். 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்குல, உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிகள் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்புச் சொன்னாங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு. ஆனா ஒரு தனி மனுஷன் தன்னோட சொந்த விஷயம், வீட்டு விஷயத்துக்காக எதையாவது செஞ்சா அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. சித்தி பையன் குடும்ப குரூப்ல படம் போடறதைத் தடுக்கறதுக்காக வந்த சட்டம் இல்ல அது. அதை வீட்டுல இருக்கிற நாமதான் தடுக்கணும், மூஞ்சிக்கு நேரா கேட்டுத் தடுக்கணும். "சொந்தத்துக்குள்ள எதுக்குப் பிரச்சினை"ன்னு என் வீட்டுலயே சொன்னாங்க. பிரச்சினை பண்ணினது நானா?

அம்மா வகுப்புல அகத்திணை, அதான் சங்க காலக் காதல் பாட்டு, நடத்தறப்ப கடைசி பெஞ்சுல உக்காந்து நானும் கேட்டிருக்கேன். தலைவன், தலைவி, தோழி, செவிலின்னுதான் வரும், யார் பேரும் வராது. ஒருத்தரைச் சுட்டிப் பேர் சொல்லிட்டா அது அகப்பாட்டே இல்லன்னு இலக்கணம். ஏன் டீச்சர் பேர் சொல்லக் கூடாதுன்னு ஒரு பையன் கேட்டதுக்கு அம்மா சொன்னாங்க: "பேர் தெரிஞ்சா ஊர் அலர் தூத்தும்டா, வம்பு பேசும். உள்ள நடக்கறது அவங்களோடது." அதைச் சொல்லிக் குடுத்தவங்களுக்குத்தான் இது நடந்துச்சு.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு, "போனைக் குடு, எல்லாருக்கும் நல்லா இருக்கேன்னு ஒரு மெசேஜ் போட்டுடறேன்"னாங்க. வேணாம்மான்னேன், கேக்கல. கண்ணாடி போட்டுக்கிட்டு குரூப்பை மேல தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. இரங்கல் செய்தியெல்லாம் பார்த்தப்ப ஒண்ணும் சொல்லல. அவன் போட்டதைத்தான் அழிச்சிருந்தான். அதையே திருப்பிப் போட்டு யாரோ குணமடைய வாழ்த்தியிருந்தாங்க. அந்தப் படம் வந்ததும் விரல் நின்னுடுச்சு. ரொம்ப நேரம் பார்த்தாங்க. "என் பிள்ளைங்க எல்லாம் இதைப் பார்த்துச்சா?"ன்னு கேட்டாங்க. பிள்ளைங்கன்னா அவங்க மாணவர்கள். நான் பதில் சொல்லல. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கிட்டாங்க. அப்ப பல்செட் போட்டுத்தான் இருந்தாங்க.

இப்ப வாக்கர் பிடிச்சுக் கூடம் வரைக்கும் நடக்கறாங்க. யாராவது பார்க்க வந்தா முதல்ல அவங்க கையைப் பார்க்கறாங்க. முகத்தை அப்புறம்தான்.

ஞாயித்துக்கிழமை சித்தி பையன் வந்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. அம்மா அவனைத் திட்டல. "சாப்பிட்டியாடா?"ன்னு கேட்டாங்க, முந்தானைக்குள்ளேருந்து. அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் பாக்கெட்லேருந்து போனை எடுத்து அணைச்சு, டிவி மேல கொண்டு போய்க் கவுத்து வச்சான். அதுக்கப்புறம்தான் அம்மா வாயிலேருந்து துணியை எடுத்தாங்க.