ஊசி போடப் போனவருக்கு வீர விருது எதற்கு?

“டாக்டர்தானே, சண்டையா போட்டார்? இவருக்கு எதற்கு மகாவீர் சக்கரம்?” என்று லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் பற்றிய என் பதிவின் கீழ் ஒரு நண்பர் கேட்டதையும், அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள் விழுந்ததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன், முடியவில்லை.

சண்டை போடவில்லைதான். சண்டை நடக்கும் இடத்துக்குள், அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கி வருவதற்காகப் போனார். 1941-இல் இந்தியப் பாராசூட் படை தொடங்கியபோது விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர் இருவரில் ஒருவர், 152-ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியான இந்த ரங்கராஜ். துப்பாக்கிக்காரர்களில் பெரும்பாலானோர் இந்த ஊசிக்காரருக்குப் பிறகுதான் குதித்தார்கள் என்பதை நண்பர் குறித்துக்கொள்ளட்டும்.

கொரியப் போருக்கு இந்தியா சண்டையிடும் துருப்புகளை அனுப்பவில்லை; அவர் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் பூசானில் இறங்கியவர்கள், சீனப் படைகள் நெருங்கியதால் டிசம்பரில் பியோங்யாங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வண்டிகள் போதவில்லை, கருவிகளையும் மருந்துகளையும் போட்டுவிட்டுப் போக மனமும் வரவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைக் கடந்து சியோலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது அவர்களோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். இதற்குப் பெயர் ஊசி போடுவது என்றால், நண்பரே, எனக்கு மறுப்பில்லை.

நேரு சண்டைக்கு ஆள் அனுப்பாமல் நழுவியதற்கு நீ முட்டுக்கொடுக்கிறாய் என்று இன்னொருவர் சொல்லக்கூடும். அந்தக் கொள்கை சரியா தவறா என்பதை அவர் யாரோடு வேண்டுமானாலும் விவாதிக்கட்டும். முன்சானில் குதித்தவர் டெல்லியின் கொள்கையைக் கேடயமாகக் கட்டிக்கொண்டு குதிக்கவில்லை. நான் போரைக் கொண்டாடுகிறேன் என்ற குற்றச்சாட்டுக்கு பதில் சொல்லப்போவதில்லை. கொல்லப் போகாத ஒருவரைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன். தென்கொரிய அரசு 2020 ஜூலை மாதத்துக்கான போர் வீரராக அவரைத் தேர்ந்தெடுத்துப் போற்றியது. பெயரின் முதலெழுத்தான ‘ஏ’-யிலேயே ஆர்க்காட்டைச் சுமந்தவர் அவர். ஆர்க்காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்தச் செய்தி கொரியாவைச் சுற்றித்தான் வந்து சேர்ந்தது.

விருது அதிகாரிக்கு, ஸ்ட்ரெச்சர் தூக்கிய சிப்பாய்க்கு என்ன என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். வந்த கேள்விகளில் நியாயமானது அது ஒன்றுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பெரியப்பாதான் இருந்தார்.

அவர் ராணுவத்தில் நர்சிங் உதவியாளர். 1971-இல் கிழக்கு எல்லையில் இருந்தவர். ஊரில் அவருக்குக் ‘கம்பவுண்டர்’ என்று பெயர். அடிபட்ட ஆளைச் சேற்றில் தூக்கி நடப்பது எப்படி என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்: ஆள் முனகும்வரை பாரம் தெரியாதாம், முனகல் நின்ற பிறகுதான் தோள் வலிக்குமாம். இடது தோளுக்குக் கடைசிவரை தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடியரசு தின விழாவுக்கு முன்னாள் ராணுவத்தினரை அழைத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர் “நீங்கள் மெடிக்கல்தானே, அடுத்த முறை பார்க்கலாம்” என்று சிரித்தபடி இவரைத் தாண்டிப் போனார். பொன்னாடை குறைவாக வாங்கியிருந்தார்களாம். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில், இந்த வெயிலில் அதை யார் போர்த்திக்கொள்வது என்றார். ஜனவரி மாதக் காலை அது, எனக்குக் குளிரிக்கொண்டிருந்தது.