‘தி பிரசென்ட்’ ஆஸ்கர் வென்றதா?

ஃபரா நபுல்சி இயக்கிய ‘தி பிரசென்ட்’ (2020) ஆஸ்கர் வென்ற பாலஸ்தீனக் குறும்படம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 2021இல் அது இறுதிப் பட்டியலின் 5 குறும்படங்களில் ஒன்று, அவ்வளவே. விருது ‘டூ டிஸ்டன்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்துக்குப் போனது.

நபுல்சி வென்றது பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா, அதுவும் ‘பிரிட்டிஷ்’ குறும்படப் பிரிவில். அவர் லண்டனில் பிறந்தவர். இரண்டு விழாக்களும் அதே ஏப்ரலில் நடந்ததால் குழம்பியிருக்கலாம்.

படத்தில் வரும் இஸ்ரேலிய ராணுவச் சோதனைச் சாவடிக் காட்சிகள் முழுக்க செட் போட்டு எடுத்தவை என்று சொல்லப்படுவதும் சரியல்ல. மனைவிக்குத் திருமணநாள் பரிசாக ஃபிரிட்ஜ் வாங்க மகளோடு கிளம்பும் யூசுஃபின் கதை இது. கம்பித் தடுப்புக்குள் ஆட்கள் நெருக்கியடிக்கும் தொடக்கக் காட்சி, பெத்லகேமின் 300ஆம் எண் சோதனைச் சாவடியில், வேலைக்குப் போகும் நிஜக் கூட்டத்துக்கு நடுவே எடுக்கப்பட்டது. அதில் யூசுஃபாக நிற்கும் நடிகர் சாலே பக்ரி.