டர்னிட்டினில் 20 விழுக்காடு தாண்டினால் ஆய்வேடு ரத்தா?

கோலாலம்பூர் மாணவர்களின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ஆய்வேட்டைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளில் ஒப்புமை 20 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேடு தானாகவே ரத்தாம். பொய். அந்த மென்பொருள் பொருந்தும் வரிகளைக் காட்டும், அவ்வளவுதான். திருட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை, அந்த நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. வரம்பு வைப்பது உங்கள் பல்கலைக்கழகம், கையேட்டைப் பாருங்கள். மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்தாலே எண் எகிறும், அவற்றை விலக்கிவிட்டும் பார்க்கலாம். 8 விழுக்காடுதானே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, அது மொத்தமும் ஒரே கட்டுரையிலிருந்து அப்படியே தூக்கிய பக்கங்கள் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம், வெள்ளை எழுத்துகளை இடையில் ஒளித்து எண்ணைக் குறைக்கும் வித்தை (அதையும் பகிர்கிறார்கள், கொடுமை!) அறிக்கையிலேயே எச்சரிக்கையாக வந்து நிற்கும். நண்பர் கணக்கில் முன்கூட்டியே சோதிப்பவர்களும் கவனம்: அந்தப் பிரதி டர்னிட்டின் சேமிப்பில் தங்கிவிட்டால், உங்கள் ஆய்வேடு உங்களோடேயே முழுசாகப் பொருந்தும்.