ஒரு பூத், ரெண்டு மெஷின்

தேர்தல் முடிவு வரும் நாளில் டிவி விவாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அரை நிமிஷம் கிடைக்கும். "அங்கே எல்லாம் மதக் கணக்குதான் சார்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு கொங்கு மண்டலத்துக்குப் போய்விடுவார்கள்.

மதம் ஓட்டுப் போடுவதில்லை என்று சொல்ல வரவில்லை. இங்கே பிறந்தவன் அப்படிச் சொன்னால் பச்சைப் பொய். கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போதே அந்தக் கணக்கைத்தான் முதலில் போடுகின்றன. ஆனால் அதோடு கதை முடிந்தது என்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கு, சாயாக்கடை கூட இல்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்கள் காங்கிரஸ் எம்.பி. வசந்தகுமார் இறந்ததால் அந்தத் தடவை சட்டமன்றத்தோடு மக்களவை இடைத்தேர்தலும் வந்தது. ஒரே பூத், ரெண்டு மெஷின். மக்களவைக்கு அவர் மகன் விஜய் வசந்த் 1 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சட்டமன்றத்தில் நாகர்கோவில் பாஜகவின் எம்.ஆர். காந்திக்கு, கன்னியாகுமரி அதிமுகவின் தளவாய் சுந்தரத்துக்கு. மீதி நாலும் திமுக கூட்டணிக்கு.

நாகர்கோவிலில் ஓட்டுள்ள மாமி, கிழங்கில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணு காந்திக்கு, ஒண்ணு வசந்தகுமாருக்க மவனுக்கு."

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அது எப்பிடிக்கா?"

"அவரு எத்தன தடவ தோத்தாரு! செருப்பு கூட இல்லாம நடக்காரு. இந்தப் பய அப்பன் செத்து நிக்கான். இதுல எப்பிடின்னா எப்பிடி?"

மாமி எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

மேற்கே போனால் கதை இன்னும் பழையது. விளவங்கோட்டிலும் கிள்ளியூரிலும், 2024 விளவங்கோடு இடைத்தேர்தலையும் சேர்த்து, அதுவரை திமுகவோ அதிமுகவோ ஜெயித்ததே இல்லை. காங்கிரஸ், ஜனதா, தமாகா (மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ்), மார்க்சிஸ்ட் என்றுதான் மாறி மாறிப் போயிருக்கிறது. இதற்கும் மதத்தையே காரணம் சொல்வார்கள். நான் 1954ஐச் சொல்வேன். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். அந்த வருஷம் அங்கே நடந்த சட்டமன்றத் தேர்தலில், எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடம் பிடித்தது. வெறும் 19 இடத்தோடு, காங்கிரஸ் ஆதரவில் பட்டம் தாணுபிள்ளை முதல்வரானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடிய தமிழர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு. 1956 நவம்பர் 1இல்தான் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அங்கே திமுக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே சண்டையே தமிழ்நாட்டோடு சேர்வதற்காக. சேர்ந்தபிறகு நேசமணியின் ஆட்கள் காங்கிரசுக்குப் போனார்கள், ஓட்டும் கூடவே போனது. அவர் மறைந்து 1969இல் நாகர்கோவிலில் இடைத்தேர்தல் வந்தபோது, சொந்த ஊர் விருதுநகரில் தோற்றிருந்த காமராஜரை இங்கிருந்துதான் டெல்லிக்கு அனுப்பினோம்.

அதனால் மாநிலத்தில் அடிக்கும் காற்று, எங்கள் மாவட்டத்துக்குள் நுழையும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் கொஞ்சம் திரும்பிவிடும். 2011 ஜெயலலிதா அலையில் தமிழ்நாடு முழுக்க காங்கிரசுக்கு 5 இடம், அதில் 3 இங்கே. 2016இல் அதே ஜெயலலிதா மறுபடி முதல்வர், இங்கே ஆறில் ஒன்று கூட இலைக்கு இல்லை.

2016க்குப் பிறகு சாயாக்கடையில் ஒரு பேச்சு கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது: "ஆளுங்கட்சி எம்எல்ஏ இருந்தா ரோடு வந்திருக்கும்." வரி கட்டியது எல்லாரும்தானே, ஓட்டு மாற்றிப் போட்டதற்கு ரோட்டில் குழியா? அப்புறம் 2021இல் எங்கள் பக்கம் ஆளுங்கட்சிக் கூட்டணி எம்எல்ஏவே வந்தாயிற்று. மழை பெய்தால் இன்றைக்கும் அப்பா அதே குழியில்தான் பைக்கை இறக்கி ஏற்றுகிறார்.