முதல் சந்தேகம் ஏன் வாடகை அறைகளின் மீது?

சென்ற மாதம் பாம்பனில், எங்கள் பகுதிக் கரையில் நிறுத்தியிருந்த நாட்டுப்படகு ஒன்றின் எஞ்சின் இரவோடு இரவாகக் களவு போனது. ஐஸ் கம்பெனி வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பையன்கள்தாம் எடுத்திருப்பார்கள் என்று விடிவதற்குள் ஊரே முடிவு செய்துவிட்டது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்களில் இருவர் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் வாய் திறக்காமல் நின்றேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற சமூகவியலாளர் இருவர், சிறுவர் நீதிமன்றப் பதிவுகளை 1900 முதல் 1933 வரையிலான மூன்று காலகட்டங்களுக்குத் திரட்டி, வழக்கில் சிக்கிய ஒவ்வொரு சிறுவனின் வீட்டையும் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்தார்கள். ஆலைகளும் இடிந்த வாடகை வீடுகளும் நெருக்கியடித்த, நகர மையத்தை ஒட்டிய பகுதியில்தான் புள்ளிகள் குவிந்தன. அங்கே ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்த காலத்திலும், அவர்கள் வெளியேறிப் போலந்து, இத்தாலியக் குடும்பங்கள் குடியேறிய காலத்திலும் நிலைமை அப்படியேதான் இருந்தது. வெளியேறியவர்களோ தங்கள் குற்றத்தை மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. 1942இல் நூலாக வந்த இந்த முடிவு, குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்ற நம்பிக்கையை அசைத்தது.

அந்த நம்பிக்கையின் வலியை இராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபின், கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கைரேகை பதிக்க நேர்ந்தது. அதை எதிர்த்துப் போராடிய மண்ணில் நின்றுகொண்டு, பீகாரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையனை ஊர்ப் பெயரை வைத்தே நாம் திருடனாக்கலாமா?

ஷா, மெக்கேயின் முறையிலும் குறை உண்டு; காவல்துறை ஏழைகளின் தெருவையே அதிகம் கண்காணித்தால், நீதிமன்றப் பதிவிலும் அந்தத் தெருவே நிறையும். வறுமையை மட்டும் காரணமாகச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. 1997இல் சமூகவியலாளர் இராபர்ட் சாம்சனும் அவருடைய கூட்டாளிகளும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, தப்பு கண்டால் தட்டிக்கேட்கத் துணியும் இடங்களில் வன்முறை குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். வறுமையைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த வேறுபாடு நிலைத்தது.

எஞ்சின் களவு போன இடத்தை நினைத்துப் பார்க்கிறேன். முன்பு அங்கே பெண்கள் கருவாடு காயப்போட்டு, இருட்டும்வரை காகம் விரட்டிக்கொண்டு இருப்பார்கள். வலை பொத்துகிறவர்கள் இரவிலும் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அந்த இடத்தைக் கம்பி வேலி போட்டு அடைத்தாகிவிட்டது. பெண்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். வாடகை அறைப் பையன்களின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது, அவர்களுக்கும் நம் பெயர் தெரியாது.

கேமரா வைக்க வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் பிரிக்கலாம் என்று ஊர்க் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு கோரிக்கைகளை வைக்கப்போகிறேன்: கருவாட்டுப் பெண்களுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைக்க வேண்டும். பணம் பிரிப்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.