விருப்பமா, வேறு வழியின்மையா?

நகரங்களில் மக்கள் மற்ற எதையும்விடச் சொந்த வாகனம் ஓட்டுவதையே விரும்புகிறார்கள் என்று நான் படித்த கட்டுரை ஒன்றின் ஆசிரியர் முடிவுகட்டுவது, சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணிவிட்டு அந்த எண்ணிக்கையையே விருப்பமாகக் கொள்வதாக எனக்குப் படுகிறது. சென்னையில் மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும் அலுவலகம் செல்லும் எங்கள் ஊர்க்காரர்களே, படைப்புக்கோ (முன்னோர்க்குப் படையலிடும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கோ காரைக்குடியில் வந்திறங்கியதும் வாடகைக் கார் பிடிக்கிறார்கள். ஏனெனில் சுற்றுவட்டாரக் கிராமங்களான கோனாபட்டிலோ நேமத்தான்பட்டியிலோ விருந்து முடிந்து இரவில் திரும்புவதற்குப் பேருந்தை நம்பியிருக்க முடியாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின், மகனின் இருசக்கர வாகனத்துக்காகக் காத்திருந்த எங்கள் தெருப் பெண்கள் பலர் தாங்களாகவே சந்தைக்குச் சென்று வருகிறார்கள். கட்டுரையில் இருசக்கர வாகனம் பற்றி ஒரு வரியும் இல்லாதது பெருங்குறை; இங்கே பெரும்பாலோர் ஓட்டுவது அதைத்தான். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குக் கார் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மற்றவர்களின் விருப்பத்தை அறிய வேண்டுமானால், முதலில் இரவு நேரப் பேருந்துகளை அதிகப்படுத்திவிட்டுப் பிறகு கேட்க வேண்டும்.